இணையமும் தனிமையும்: ஹோம்நெட் ஆய்வு

இணையம் சோகமும் தனிமையும் நிறைந்த உலகம் என்ற தலைப்போடு, 1998 ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அதன் அடிப்படை, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிராவுட் குழுவினர் நடத்திய ‘ஹோம்நெட்’ ஆய்வு. பிட்ஸ்பர்க்கில் 73 குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்து, 169 பேரை ஓரிரு ஆண்டுகள் கவனித்தனர். இணையத்தை அதிகம் பயன்படுத்தியோரிடம் மனச்சோர்வும் தனிமையுணர்வும் கூடியிருந்தன, கூடியது சிறிதளவே. இணையம் இல்லாத ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. (மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அப்படியொரு குழு இல்லாவிட்டால், மாற்றத்துக்குக் காரணம் இணையம்தான் என்று அறுதியிட இயலாது.) தலைப்பில் இதற்கெல்லாம் இடமேது? 2002இல் அதே குழுவினர் வெளியிட்ட தொடராய்வில் அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. அது முந்தைய செய்தியளவுக்குப் பேசப்படவில்லை. அத்துடன் வெளியான மற்றோர் ஆய்வில், இணையத்தால் பொதுவாக நன்மையே காணப்பட்டது. கலகலப்பாகப் பழகுவோருக்கு நல்ல விளைவுகளும், ஒதுங்கி வாழ்வோருக்கு மோசமான விளைவுகளும் காணப்பட்டன.