பேச்சுவழக்கும் தொலைக்காட்சியும்: ஈழத்துத் தமிழ் அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தொலைக்காட்சியில் ஈழத்துத் தமிழ் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்ப்போர் ஒரு காட்சியை அவதானித்திருப்பர். வெள்ளத்தினால் வயலை இழந்த விவசாயி ஒருவர் செய்தியறிக்கையில் தோன்றித் தமது பேச்சுவழக்கில் இரண்டு வாக்கியங்கள் கூறுகிறார். அவர் பேசி முடிக்குமுன்னரே வேறொரு குரல் அதன் சாரத்தைச் செந்தமிழில் எடுத்துரைக்கத் தொடங்கிவிடுகிறது. பின்னர் வரும் நகைச்சுவை நிகழ்ச்சியில் அதே பேச்சுவழக்கு அரைமணி நேரம் தடையின்றி ஒலிக்கிறது. தன் இழப்பைக் கூறச் சில விநாடிகளும், பிறரைச் சிரிக்க வைக்க அரைமணியும் பெறும் ஒரு மொழிவழக்கின் நிலையை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

இதனை இரசனை பற்றிய பிரச்சினையாகவோ, தயாரிப்பாளரின் தனிப்பட்ட மனப்பாங்காகவோ கருதுவோர் உளர். மனப்பாங்குகளும் வரலாற்றின் விளைபொருள்களே. பேச்சுவழக்கு ஒன்று எங்கே, எப்பணிக்காக அனுமதிக்கப்படுகின்றது என்பதைத் தொடர்புச் சாதனத்தின் உடைமையும் அதன் சந்தையும் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பதே எமது கருத்து.

2

தொலைக்காட்சி வெறுமையிலிருந்து தொடங்கவில்லை. மேடையும் வானொலியும் வகுத்த வழக்காறுகளையே அது சுவீகரித்துக்கொண்டது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ என்னும் தொகுதியை வெளியிட்டபொழுது, யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு ஆய்வறிவு சார்ந்த ஓர் ஏற்புடைமையைப் பெற்றது. இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற மொழியியலறிஞர் ஒருவர், வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழி நாடகத்துக்கு உரியது எனச் செயலிற் காட்டியமை சாதாரண நிகழ்ச்சியன்று.

இலங்கையில் 1925இல் ஆரம்பமான வானொலி, இவ்வழக்கைப் பல்லாயிரவரிடம் எடுத்துச் சென்றது. ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதனின் காலத்தில் ஒலித்த ‘இலண்டன் கந்தையா’, ‘விதானையார் வீட்டில்’ முதலிய நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பெரும் செல்வாக்கை ஈட்டின. ஆயின், விதானையாரின் வீடு என்ற தலைப்பே ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. வானொலியில் ‘ஈழத்தமிழ்’ என ஏற்கப்பட்டது, பெரும்பாலும் யாழ்ப்பாணக் கிராமத்து நிலவுடைமையாளர், உத்தியோகத்தர் ஆகியோரின் வழக்கேயாகும். மட்டக்களப்புத் தமிழ், பேச்சுவழக்குகள் யாவற்றுள்ளும் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது எனக் கமில் சுவெலபில் குறிப்பிட்டுள்ளார். மொழியியலாளர் தந்த அந்தத் தகுதி, ஒலிவாங்கியின் முன் அதற்குச் சமமான இடத்தைப் பெற்றுக் கொடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தொழிலாளரின் பேச்சோ, ‘ஈழத்தமிழ்’ என்ற எண்ணக்கருவுக்கே புறம்பானதாகக் கொள்ளப்பட்டது. குடியுரிமை மறுக்கப்பட்டவரின் குரலுக்கு ஒலிபரப்பில் மட்டும் உரிமை கிட்டிவிடுவதில்லை.

வானொலியிற் பெரும் வரவேற்புப் பெற்று, 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ தனித்துக் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தவர், முஸ்லிம், தமிழ் பேசும் சிங்களவர் என வேறுபட்டோரின் பேச்சுகள் அங்கு ஒன்றோடொன்று மோதின. மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்கள் கலைஞர்களின் பெயர்களோடு நிலைத்துவிட்டமை மக்கள் அவர்கள்மீது கொண்ட அன்புக்குச் சான்று. பல சமூகத்தினர் ஒரே இடத்தில் வாழும் நாட்டை அது ஒலியிற் காட்டியது; அது அதன் முற்போக்கான அம்சம். ஆனால் ஒவ்வொரு சமூகமும் அதன் உச்சரிப்பாலேயே இனங்காணப்பட்டது. உச்சரிப்பே நகைப்புக்கு நிலைக்களனாயிற்று. பிற்காலத் தொலைக்காட்சி அந்நாடகத்தின் ஒற்றுமை உணர்வைக் காட்டிலும் அதன் உத்தியையே விரைந்து கற்றுக்கொண்டது.

3

இவ்விடத்தில் முற்போக்கு அணியினரின் பங்களிப்பையும் நாம் தயக்கமின்றி மதிப்பிடுதல் வேண்டும். 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்தின்போது, உழைக்கும் மக்களின் பேச்சைப் படைப்பிற் கையாள்வது ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. அப்பழியை எதிர்த்து, மண்வாசனையையும் தேசிய இலக்கியத்தையும் முன்வைத்தோர் வரலாற்றுக் கடமையொன்றை நிறைவேற்றினர். எனினும் அவர்களது பெரும்பாலான கதைகளில் பாத்திரங்கள் பேச்சுவழக்கில் உரையாட, கதைகூறுபவர் செந்நடையிலேயே விளக்கினார். உணர்ச்சி மக்களுடையது, விளக்கம் ஆசிரியருடையது என்னும் வேலைப்பிரிவினை அங்கும் இருந்தது. செய்தியறிக்கையில் விவசாயியின் குரலை மூடும் அந்த மற்றைக் குரல் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இக்கட்டுரையும் செந்நடையிலேயே எழுதப்படுகின்றது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

பேச்சுவழக்கை இலட்சியப்படுத்தும் போக்கும் தவறானதே. யாழ்ப்பாணத் தமிழில் ‘நீ – வா’, ‘நீர் – வாரும்’, ‘நீங்கள் – வாங்கோ’ என முன்னிலையில் மூன்று படிகள் உள்ளன. தமிழகப் பேச்சில் இன்று பெரிதும் அருகிவிட்ட இடைப்படியான ‘நீர்’, நட்புக்கும் மதிப்புக்கும் இடைப்பட்ட நுண்ணிய உறவொன்றை உணர்த்துவது. அதன் அழகை எடுத்துக்கூறும் நாம், உயர்சாதிச் சிறுவன் ஒடுக்கப்பட்ட சமூகத்து முதியவரை ‘நீ’ என்று அழைக்க அதே படிமுறை பயன்பட்டதையும் கூறல் வேண்டும். இலக்கணத்தில் நிலப்பிரபுத்துவம் குடியிருந்தது. ஆகவே எமது நோக்கம் வழக்கை அருங்காட்சியகப் பொருளாகப் பேணுவதன்று. அதைப் பேசுவோர் தம் வாழ்வையும் முரண்பாடுகளையும் தாமே வெளிப்படுத்தும் நிலைமையை உருவாக்குவதாகும்.

4

அதற்கான சில அறிகுறிகள் 1970களிலே தோன்றின. ‘குத்துவிளக்கு’ (1972), தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘புதிய காற்று’ (1975), தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) முதலியன, குறைபாடுகளுடனாயினும், இம்மண்ணின் மக்களைக் கதையின் மையத்தில் நிறுத்தின. மீனவரும் விவசாயிகளும் இங்கே சிரிப்பூட்ட வந்தவரல்லர். 1972இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனமும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இம்முயற்சிகளுக்கு ஓரளவு இடமளித்தன.

தொலைக்காட்சி வந்த காலமோ வேறு. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15ஆந் திகதி ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அடுத்த ஆண்டு நிகழ்ந்த யூலை வன்செயல்களும் தொடர்ந்த போரும் தமிழ்க் கலைஞரைச் சிதறடித்தன. 1990இலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. தமிழ்த் தொலைக்காட்சி, தான் சித்திரிக்கவேண்டிய கிராமங்களிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கொழும்பிலே வளர்ந்தது.

சிங்களத் தொலைநாடகத்துடன் ஒப்பிடும்போது இதன் பொருளாதார அடிப்படை தெளிவாகும். 1987இல் ஆரம்பித்த ‘கோபி கடே’, கிராமத்துத் தேநீர்க்கடையொன்றை மையமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஓடியது. சிங்களத்தில் நாடகம் தயாரிக்கும் வேறொரு நாடில்லை. எனவே உள்நாட்டுத் தயாரிப்பு தவிர்க்கவியலாத தேவையாயிற்று. தமிழுக்கோ அருகிலேயே மாபெரும் கைத்தொழில் ஒன்று இருந்தது. சொந்தச் சந்தையில் முதலை மீட்டுவிட்ட தமிழகத் தொடரை வாங்குவது, இங்கே புதிதாக ஒன்றைத் தயாரிப்பதைவிட மலிவானது. 1993இல் தமிழகத்தில் சன் தொலைக்காட்சியும், 1998இல் இங்கே சக்தி தொலைக்காட்சியும் தொடங்கியபின் இத்தர்க்கம் முழுமையாகச் செயற்பட்டது. மாலைநேர வீடுகளில் ஒலித்தது சென்னைத் தொடர்களின் தமிழ். நாளடைவில் இங்குள்ள அறிவிப்பாளரிற் பலர் அத்தொனியையே ‘தொலைக்காட்சித் தமிழ்’ எனக் கைக்கொண்டனர்.

5

சந்தை ஈழத்துப் பேச்சை முற்றாக விலக்கவுமில்லை, தனக்கேற்ற பண்டமாக்கியது. ‘தெனாலி’ (2000) திரைப்படத்தில் கமல்ஹாசன் பேசிய தமிழ், அச்சங்களால் அலைக்கழிக்கப்படும் அகதியின் பேச்சாக நகைப்பூட்டியது. அந்த அச்சத்தின் பின்னணியில் ஒரு போர் இருந்தது. பார்வையாளர் நினைவில் நின்றதோ பேச்சின் தொனி. 2019இல் விஜய் தொலைக்காட்சியின் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் இலங்கையர் பங்குபற்றியபோது அவர்களது பேச்சு ‘கொஞ்சும் தமிழ்’ எனப் பாராட்டப்பட்டது. இகழ்ச்சியிலும் பாராட்டு நன்றுதான். ஆனால் கொஞ்சும் பேச்சென்று இரசிக்கப்படுவது, அதன் வழியே சொல்லப்படுவதைக் கேட்பதாகாது. தமிழகத்துத் திரையிலேயே சென்னைக் குடிசைப்பகுதியினரின் வழக்கு நெடுங்காலமாக அடியாளுக்கும் கோமாளிக்கும் ஒதுக்கப்பட்டமையை நோக்கும்போது, இது நாடுகளுக்கிடையிலான பிரச்சினை மட்டுமன்று, வர்க்கப் பிரச்சினையும் ஆகும் என்பது புலனாகும்.

இதன் விளைவை நாம் வகுப்பறையிற் காண்கிறோம். மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வரும் மாணவர், கருத்தரங்கிற் பேச எழுமுன் தமது தொனியை மாற்றிக்கொள்ள முயல்கின்றனர். அது கைகூடாதபோது மௌனமாகின்றனர். ‘மறுகா’ என்று தொடங்கி ஒரு வாதத்தை முன்வைத்தால் சபை சிரிக்கும் என்ற அச்சத்தை அவர்களுக்கு ஊட்டியதிற் சிறுதிரைக்கும் பங்குண்டு.

மண்வாசனைக்கென வாரத்தில் ஓர் அரைமணியை ஒதுக்குவதால் இந்நிலை மாறாது. பிரதேச நிலையங்களும், உள்நாட்டுத் தமிழ்த் தயாரிப்புக்கான பொது நிதியும், இறக்குமதித் தொடர்களுக்கு எல்லையும் வேண்டும். அவற்றுக்காக வாதாடுவது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் பணியுமாகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் கூத்தை மேடையேற்றியபோது, கிராமத்துக் கலைஞரை அண்ணாவியாராக மதித்து மாணவரை அவரிடம் பயில வைத்தார். அம்முன்மாதிரி எம்முன் உள்ளது. வயலை இழந்த அவ்விவசாயி, தன் நட்டத்தையும் அதற்குக் காரணமானோரையும் தன் மொழியிலேயே இறுதிவரை கூறி முடிக்கும்வரை ஒலிவாங்கி அவர் முன்னே இருத்தல் வேண்டும்.