பிழி, அரியல், தேறல்: மைசூருவும் அடைபட்ட பழச்சாறும்

கடையில் வாங்கிய ஆப்பிள் சாற்றில் சிறிது ஈஸ்ட் இட்டு, உள்ளே எழும் வாயு வெளியேற மட்டும் வழிவிட்டு, மிதமான வெப்பத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் அது சைடர் என்னும் மதுவாகும். மேலைநாடுகள் பலவற்றில் இது எளிய வீட்டுத் தொழில். ஆனால் எல்லாச் சாறும் இதற்கு இணங்குவதில்லை. சில புட்டிகளில் எத்தனை நாள் காத்திருந்தாலும் நுரை எழாது. சாறு நொதிக்காமல் நிற்பது அதன் இயல்பன்று; நிற்கும்படி செய்யப்பட்டதன் விளைவு. அவ்வாறு செய்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் இரு முக்கியமான இடங்கள் மைசூரு நகரில் உள்ளன. ஒன்று, நொதித்த பானங்களின் செய்முறையைச் சொல்லும் பழம்பனுவல் மீட்கப்பட்ட நூலகம். மற்றொன்று, சாறு நொதிக்காமல் காக்கும் வழிகளை ஆராய்ந்த ஆய்வகம். இவ்விரண்டுக்கும் இடையில் வீட்டுக் குடம் எங்கே போயிற்று என்பதே இங்கு எழும் கேள்வி. அதற்கு விடை தேடத் தமிழ்ச் சொற்கள் பெரிதும் உதவுகின்றன.

சங்க இலக்கியத்தில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் மூன்று, செய்தொழிலின் மூன்று நிலைகளைத் தம் வேரிலேயே தாங்கியுள்ளன. பிழிதல் என்னும் வினையிலிருந்து வருவது ‘பிழி’. அரித்தல், அதாவது சலித்தும் வடித்தும் பிரித்தல் என்னும் வினையிலிருந்து வருவது ‘அரியல்’. தேறுதல், அதாவது கலங்கல் அடங்கித் தெளிதல் என்னும் வினையிலிருந்து வருவது ‘தேறல்’. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இதே வினைதான் உள்ளது. பிழிந்து, வடித்து, தெளியவைத்தல் என்ற இவ்வரிசையைச் சைடர் செய்பவர் எவரும் உடனே அடையாளம் காண்பார். நொதித்தல் அடங்கியபின் ஈஸ்ட் அடியில் படிய, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றுவதே அத்தொழிலின் கடைசிப் படி. அந்நிலையில் கிடைப்பதற்குத் தேறல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இதனினும் நுட்பமான சான்று தருகிறது. வீட்டில் சமைத்த ‘தோப்பி’ என்னும் நெல்மதுவை அது ஓரிடத்தில் குறிப்பிடுகிறது. வேறோரிடத்தில் அரிசிக் கூழை ஆற்றி, முளையைச் சேர்த்துக் கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் விளையவைத்து, விரலால் அலைத்து வடிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறது. இது புனைவு அழகுக்காக இட்ட விவரம் அன்று, செயல்படக்கூடிய செய்முறை. அரிசியில் உள்ள மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாக உண்ண இயலாது. அது முதலில் சர்க்கரையாக வேண்டும். முளைக்கும் தானியத்தில் சுரக்கும் நொதிகள் அம்மாற்றத்தைச் செய்கின்றன. கூழை ஆற்றியபின் முளை சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: கொதிக்கும் சூட்டில் அந்நொதிகள் செயலிழந்துவிடும். பழச்சாற்றுக்கு இப்படி தேவையில்லை. அதில் சர்க்கரை ஏற்கெனவே உள்ளது. நெல்மதுவினும் பழமது செய்ய எளிது என்பதன் அடிப்படை இதுதான்.

மைசூருவின் முதற்பங்கு இங்கே தொடங்குகிறது. 1891இல் தொடங்கப்பட்ட மைசூர் அரசுக் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி, அதுவரை பிற நூல்களின் மேற்கோள்கள் வழியாகவே அறியப்பட்டிருந்த அர்த்தசாஸ்திரம் என்பதை நூலகர் சாமசாஸ்திரி 1905இல் கண்டறிந்தார். 1909இல் மூலத்தைப் பதிப்பித்தார். 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. அரசியல் நூலாகவே பெரும்பாலும் வாசிக்கப்படும் அப்பனுவலின் இரண்டாம் அதிகரணத்தில், மதுக் கண்காணிப்பாளரின் கடமைகளைக் கூறும் இருபத்தைந்தாம் அத்தியாயம் ஒரு செய்முறைத் தொகுதியாகவும் விளங்குகிறது.

அங்கே ஆசவம் என்னும் பானத்துக்குத் தரப்படும் கணக்கு, விளாம்பழம் ஒரு துலாம், கருப்பஞ்சாற்றுப் பாகு ஐந்து துலாம், தேன் ஒரு பிரஸ்தம் என்பது. பழத்தைப்போல் ஐந்து மடங்கு பாகு சேர்வதால், இதில் பழம் மணமும் புளிப்பும் தர, மதுவுக்கான சர்க்கரையில் பெரும்பகுதி பாகிலிருந்து வருகிறது எனக் கொள்ளலாம். மாம்பழச் சாறு சேர்ந்த சுரையும் அவ்வத்தியாயத்தில் பெயர் பெறுகிறது. நொதித்தலைத் தொடங்கிவைக்கும் ‘கிண்வம்’ என்னும் பொருளுக்கு உளுந்தும் அரிசியும் சில மூலிகைகளும் கூறப்படுகின்றன. உளுந்தும் அரிசியும் இன்று தென்னிந்திய வீடுகளில் மாவாக அரைபட்டு இரவில் புளிக்கும் இணை. கிண்வம் இட்டிலி மாவின் மூதாதை என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. எனினும், நுண்ணுயிர்களை வளர்த்துக் கைவசம் வைத்திருக்க இவ்விரு தானியங்களையும் சேர்க்கும் அறிவு பழமையானது என்பதில் ஐயமில்லை.

அவ்வத்தியாயத்தில் சட்ட வரலாற்று மாணவர் நின்று கவனிக்க வேண்டிய விதிகள் உள்ளன. மது உற்பத்தியும் விற்பனையும் அரசின் பிடியில் இருந்தபோதிலும், இல்லறத்தார் தம் வீட்டு நிகழ்ச்சிகளுக்கு வெண்சுரையும், மருந்துக்காக அரிஷ்டமும் செய்துகொள்ளலாம் என அந்நூல் அனுமதிக்கிறது. திருவிழா, கூட்டம், யாத்திரை ஆகிய காலங்களில் நான்கு நாள் விலக்கும் தருகிறது. கட்டுப்பாட்டை வகுத்த நூலே வீட்டுக் குடத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது.

பிற்கால அரசுகள் அவ்வாசலைப் படிப்படியாக மூடின. மைசூர்ப் பீடபூமியில் கள் பெரிதும் ஈச்ச மரத்திலிருந்து இறக்கப்பட்டது. கன்னடத்தில் அம்மரம் ‘ஈசலு’. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் முற்றான மதுவிலக்கை விரும்பினார். பிரித்தானியர் காலத்தில் எதிர்த்திசையில், ஆப்காரி ஏலமும் உரிமமும் மதுவைப் பெரும் வருவாய் இனமாக்கின. பின்னர், இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 47ஆம் உறுப்பு மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறிகளில் சேர்த்தது. விலக்கும் அரசும் விற்கும் அரசும் ஒன்றில் மட்டும் உடன்பட்டன: உரிமமின்றி வீட்டில் மது ஆகக் கூடாது. 1965ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டமும் அவ்வழியதே. ஆகவே, இன்று மைசூருவில் ஒருவர் ஆப்பிள் சாற்றில் ஈஸ்ட் இட்டு உரிமமின்றி மதுவாக்கினால் அவர் சட்டத்தை மீறியவராவார்.

சட்டம் ஒருபுறமிருக்க, சாற்றை நொதிக்காமல் நிறுத்துவது வேதியியலின் பணி. தமிழகம் இதை முன்பே அறியும். பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாற்றின் காரத்தன்மை உயர்ந்து ஈஸ்டின் வேலை தடைபடும், கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் அதே பாளை தருவது கள். மேலைநாட்டில் இதன் அறிவியல் அடிப்படை 19ஆம் நூற்றாண்டில் தெளிந்தது. நொதித்தல் உயிருள்ள ஈஸ்டின் செயல் என்பதை லூயி பாஸ்டர் நிறுவினார். மிதமாகச் சூடாக்கினால் திராட்சை மது கெடாது என்றும் காட்டினார். 1869இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், மதுவிலக்குப் பற்றுடைய தாமஸ் வெல்ச், தேவாலய வழிபாட்டில் மதுவுக்கு மாற்றாக வழங்குவதற்குத் திராட்சைச் சாற்றைச் சூடாக்கி அடைத்தார். வணிகப் பழச்சாற்றின் தொடக்கங்களுள் ஒன்று இது. அடைத்த சாறு மதுவின் முன்நிலையாக அன்றி, மதுவின் மறுப்பாகவே பிறந்தது.

சுதந்திர இந்தியாவில் இவ்வறிவியலின் தலைமையிடமாக மைசூரு ஆயிற்று. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அதே 1950இல், அக்டோபர் 21 அன்று, அரச குடும்பத்துக்குரியதாயிருந்த செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். விளைந்த பழங்களில் கணிசமானவை வீணாகும் நாட்டில், சாற்றையும் கூழையும் கெடாமல் காப்பது உணவுப் பாதுகாப்பின் பகுதியாகவே கருதப்பட்டது. நீராவை நொதிக்காமல் வைப்பதும் அந்நிறுவனத்தின் ஆய்வுப் பொருள்களில் ஒன்று. 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, பானங்களில் சேர்க்கத்தக்க பாதுகாப்புப் பொருள்களுக்கு உச்சவரம்பு விதித்தது. உடனடியாக அருந்தும் பழபானத்தில் பென்சாயிக் அமிலம் பத்து இலட்சத்தில் 120 பங்கு வரை இருக்க அது அனுமதித்தது. புளிப்பு மிகுந்த சாற்றில் இவ்வமிலம் ஈஸ்டின் உயிரணுச் சவ்வைக் கடந்து உள்ளே சென்று அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. 1985இல் ஃப்ரூட்டி டெட்ரா பாக் உறையில் வந்தபின், சூடாக்கி நுண்ணுயிர் நீக்கி, நுண்ணுயிரற்ற உறையில் அடைக்கும் முறை சிற்றூர்க் கடைவரை சென்றது.

சில புட்டிகள் ஏன் நுரைப்பதில்லை என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. பென்சாயேட்டோ சார்பேட்டோ சேர்ந்த சாற்றில், புதிதாக இடும் ஈஸ்டும் தளர்ந்துபோகும். சூட்டினால் மட்டும் காக்கப்பட்ட சாற்றில் அத்தகைய தடை இல்லை. உறை பிரிந்ததும் அது மீண்டும் பழைய சாறுதான். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையுள்ள சாறு முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மதுவும், அறை வெப்பத்தில் சுமார் 27 லிட்டர் கரியமில வாயுவும் உண்டாகும். மூடியை இறுக்கிய ஒரு லிட்டர்ப் புட்டிக்குள் இவ்வளவு வாயு சேர்ந்தால் கண்ணாடி வெடிப்பது உறுதி. வாயு வெளியேற வழியுள்ள சாடி இவ்வகையில் பாதுகாப்பானது.

மொழியியல் நோக்கில் கவனிக்கத்தக்க விளைவு ஒன்று உண்டு. வீட்டில் தொழில் நீடித்த இடங்களில் சொற்களும் நீடித்தன. தயிருக்கு உறை, புரை. மாவுக்குப் புளித்தல், பொங்குதல். ‘புளி’ கன்னடத்தில் ‘ஹுளி’ என ஒலிமாறினும், மைசூருச் சமையலறையில் அது இன்றும் அன்றாடச் சொல். பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பனையேறியிடம் எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பிழி, அரியல், தேறல், தோப்பி ஆகியவை தொழிலோடு சேர்ந்து வீட்டைவிட்டு நீங்கின. இன்றைய பாடநூல் உரைகளில் இவை அனைத்தும் ‘கள்’ அல்லது ‘ஒருவகைக் கள்’ என்ற ஒற்றைப் பொருளில் அடங்கிவிடுகின்றன. மாணவர் நான்கு சொற்களை ஒரு சொல்லாகக் கற்கிறார்; நான்கு செயல்கள் இருந்தன என்பதை அறிவதில்லை.

‘சைடர்’ என்ற சொல்லுக்கும் இத்தகைய நிலை நேர்ந்துள்ளது. இங்கிலாந்தில் அது மது. அமெரிக்காவில் அடைமொழியின்றிச் சொன்னால் பெரும்பாலும் நொதிக்காத ஆப்பிள் சாறு. மதுவைக் குறிக்கத் தனி அடைமொழி வேண்டும். மதுவிலக்கு இயக்கம் அங்கே சாற்றை மட்டுமின்றிச் சொல்லின் பொருளையும் மாற்றியது.

இதற்கெல்லாம் தீர்வு வீட்டில் மது காய்ச்சுவதன்று. மதுவால் சிதைந்த குடும்பங்களின் அனுபவமே மதுவிலக்குக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. அதை எளிதாக ஒதுக்க இயலாது. வேண்டுவது வாசிப்பில் ஒரு திருத்தம். அர்த்தசாஸ்திரத்தின் அளவுகளும் பெரும்பாணாற்றுப்படையின் இரு பகலும் இரு இரவும் உணவுத் தொழில்நுட்பம் கற்றவரோடு சேர்ந்து, செய்முறை ஆவணங்களாகப் படிக்கப்பட வேண்டும். ஓலைச்சுவடி நூலகமும் உணவு ஆய்வகமும் ஒரே நகரில் அமைந்த மைசூரு அதற்கு ஏற்ற இடம். அத்தகைய வாசிப்பிலிருந்து எழுதப்படும் அகராதிப் பதிவில், தேறலுக்கு நேரே ‘கள்’ என்று மட்டும் இராது; ‘நொதித்தபின் கலங்கல் படியத் தெளியவைத்து எடுத்த மது’ என்று இருக்கும்.