கண்ணாடித் தொட்டியும் ரப்பர்க் கன்றும்

இன்றைய பேச்சு மீன் தொட்டியைப் பற்றியது. "மீன் தொட்டியில் என்ன சரித்திரம் இருக்கிறது, வாத்தியாரே?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகளில் போத்தலில் மீன் வளர்க்காதவர்கள் குறைவு. லோங்காங்கில் பிடித்த கப்பியாக இருக்கும். அல்லது சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போன அப்பா வாங்கி வந்த தங்க மீனாக இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அது செத்து மிதக்கும். பிள்ளை அழும். "நமக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லிப் போத்தலைக் கழுவி வைத்துவிடுவார் அம்மா. ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மீன் ஏன் சாகிறது என்பதைக் கண்டறிய, பெரிய பெரிய இரசாயன அறிஞர்களுக்கே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையில் நம்முடைய ரப்பர் மரமும் வந்து கலந்துகொள்கிறது.

மீனை அழகுக்காக வளர்ப்பதில் முன்னோடிகள் சீனர்கள். சோங் அரச வம்சத்தின் காலத்தில், அதாவது 960க்கும் 1279க்கும் இடையில், பொன்னிற மீன்களைப் பொறுக்கியெடுத்துக் குளங்களில் பெருக்கினார்கள். பின்னர் மிங் வம்சத்தில் மீன்கள் வீட்டுக்குள் வந்தன, பீங்கான் தொட்டிகளில். மேலிருந்து குனிந்து பார்த்து ரசிப்பதற்காகவே அந்தத் தொட்டிகள் அமைந்தன. வாய் அகன்ற தொட்டியில் நீரின் மேற்பரப்பு பெரிதாக இருக்கும். காற்று நீரில் நன்றாகக் கலக்கும். நாமோ கழுத்துக் குறுகிய போத்தலில் மீனை விட்டு, அதற்கு மூடியும் போடுகிறோம்!

இனி இலண்டனுக்குப் போவோம். அங்கே நத்தானியேல் வார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். பெரணிச் செடிகள் மேல் அவருக்கு ஆசை. ஆனால் நகரத்து நிலக்கரிப் புகையில் செடிகள் கருகிப் போயின. 1829இல் அவர் ஒரு விட்டில் பூச்சியின் கூட்டைச் சிறிது ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்டதோ, மண்ணில் தானாக முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும். ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. மீண்டும் மண்ணில் இறங்கியது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே செடிகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தன. இதைக் கொண்டு அவர் செய்ததுதான் "வார்டு பெட்டி".

இந்தப் பெட்டி நமக்கு யார்? 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றில் 1,900க்குச் சற்று மேற்பட்ட கன்றுகளை 38 வார்டு பெட்டிகளில் அடுக்கி இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். கடற்காற்றின் உப்பும் குடிநீர்ப் பஞ்சமும் அதற்கு முன்பெல்லாம் கப்பலில் வந்த செடிகளைக் கொன்றுவிடும். கண்ணாடிப் பெட்டி காப்பாற்றியது. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து பால் வெட்டியதற்குப் பின்னால், ஒரு போத்தலில் முளைத்த பெரணி இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே எண்ணத்தைத் தண்ணீருக்குள் கொண்டு போனவர் இலண்டன் இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன். 1849இல் அவர் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச் செடியை நட்டு, இரண்டு தங்க மீன்களை விட்டார். செடி வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிடும், மீன் அதைச் சுவாசிக்கும் என்பது கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழுத்த இலைகள் அழுகின. பச்சைப் பாசி படர்ந்து தண்ணீர் கலங்கியது. அவர் குளத்தைப் போய்ப் பார்த்தார். அங்கே அழுகலைத் தின்ன நத்தைகள் இருந்தன. சில நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார், நீர் தெளிந்தது. 1850இல் இதை அறிஞர் சபையில் எடுத்துரைத்தார்.

பிரிட்டனில் 1845இல்தான் கண்ணாடி மீதான வரியை நீக்கியிருந்தார்கள். கண்ணாடி மலிந்தது. 1853இல் இலண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென ஒரு கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் கோஸ் எழுதிய புத்தகம் வந்ததும் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பரவியது. சில ஆண்டுகளில் அது அடங்கியும் போயிற்று. செடி, மீன், நத்தை மூன்றும் இருந்தும் பல தொட்டிகளில் மீன்கள் செத்தன. நம் லயத்துப் பிள்ளையின் துக்கம்தான் அந்தச் சீமான்களின் வீட்டிலும்.

கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அதில் ஊற்றுவார்களே, மூக்கைத் துளைக்கும் அதே அமோனியாதான். மீனுக்கு அது சிறிதளவே போதும், உயிர் போய்விடும். 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்த அதே ஆண்டில், பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணல் நிறைந்த குழாய் வழியே மெல்ல இறக்கினார்கள். உள்ளே போன அமோனியா நைட்ரேட் உப்பாக மாறி வெளியே வந்தது. குளோரோபாம் ஆவியை மணலுக்குள் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. மருந்துக்கு மயங்கி நிற்கிறதென்றால் அந்த வேலையைச் செய்வது உயிருள்ள ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். புதிய மண்ணைச் சிறிது சேர்த்ததும் வேலை மறுபடி தொடங்கியது.

இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன். ஆம், தங்க மீன் வளர்த்தவரின் மகன்! இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில், வயலுக்கு உரம் எப்படிச் சேருகிறது என்று ஆராய்ந்தவர் அவர். அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு கிருமி என்று காட்டினார். அந்தக் கிருமிகளைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார். அப்பாவின் தொட்டியில் மறைந்திருந்த விடையை மகன் வயல் மண்ணில் தேடிப் பிடித்திருக்கிறார். சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, கல்லையெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த நல்ல கிருமிகள் குடியிருப்பது கல்லிலும் மணலிலும்தான். வாரம் ஒரு முறை காற்பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். குழாய் நீரை வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் கலக்கும் ஊர்களில் அப்படிப் போகாது. மீன் கடையில் விற்கும் மருந்தைச் சில துளி விட வேண்டும். புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து மீன் விடுவது கொலைக்குச் சமம். கிருமிகள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஓரிரு மீனோடு தொடங்குங்கள். நன்றாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கல் வாங்கிப் போட்டால் இன்னும் நல்லது; பிரெஞ்சுக்காரர்கள் புதிய மண் சேர்த்த தந்திரம்தான் இது. தீனி, சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு.

தங்க மீன் பெரிதாக வளரும், நிறையக் கழிவும் போடும். போத்தல் அதற்குச் சிறை. சின்னத் தொட்டிக்கு நம் ஓடைகளில் வாழும் ரஸ்போராக் கூட்டமோ, கப்பியோ பொருத்தம். சண்டை மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே குடிக்கக்கூடியது. ஆகவே சிறு பாத்திரத்திலும் தாக்குப்பிடிக்கும். அதற்காக அதன் நீரை மாற்றாமல் விட்டுவிடக் கூடாது. இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விடவும் கூடாது. மீன் செத்த பின் தண்ணீரோடு கிடக்கும் போத்தலைப் பின்கட்டில் வைத்துவிடாதீர்கள். டெங்குக் கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் இல்லை.

வாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் வாளி, பார்மிக் அமிலம் கலக்கிய வாளி, களைக்கொல்லி மருந்து கரைத்த தோம்பு எதுவும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி. மீனுக்கென்று ஒரு சின்ன வாளி வாங்கி, அதன் மேல் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.