களவும் கற்பும்: மலாக்காத் தமிழர் கோயிற்கலையில் காதற் சித்திரிப்பு

ஓவியமும் சிற்பமும் காதலை எவ்வாறு புலப்படுத்துகின்றன என்னும் வினாவிற்கு மலாக்காவில் விடை தேடுவோர் கலைக்கூடத்தை நாடவேண்டியதில்லை. முருகன் சந்நிதியே போதுமானது. வள்ளி தெய்வயானையுடன் நிற்கும் முருகனின் உருவமைதி தமிழர் அகமரபின் காட்சி வடிவம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வள்ளியின் மணம் களவு வழிப்பட்டது; தெய்வயானையின் மணம் பெரியோர் கொடுப்பக் கொள்ளும் கற்பு வழிப்பட்டது. பரிபாடலின் ஒன்பதாம் பாடல் இவ்விரண்டையும் ஒப்பிட்டு வழக்காடுகின்றது. சிற்பி அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவதில்லை. வள்ளியை வலப்பக்கத்திலும் தெய்வயானையை இடப்பக்கத்திலும் நிறுத்தி, இருவர்க்கும் ஒத்த இடம் தருகின்றான். இங்குத் தழுவல் இல்லை. சற்றே ஒசிந்த இடையும், நாயகன்பால் சாய்ந்த நிலையும், கையிலேந்திய மலருமே அன்பை உணர்த்துகின்றன. கஜுராஹோவின் இணைச் சிற்பங்கள் வெளிப்படக் கூறுவதை இம்மரபு குறிப்பாற் கூறுகின்றது.

மலாக்கா நகரில் 1781ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில் முன்னே விநாயகரும் பின்னே முருகனும் எழுந்தருளியுள்ளனர். யானையாக வந்து வள்ளியை அச்சுறுத்தித் தம்பியின் காதலுக்குத் துணைநின்றவர் விநாயகர் என்பது கந்தபுராணக் கதை. அக்கதையை அறிந்தவர்க்கு இவ்விரு சந்நிதிகளும் காதற்கதையொன்றின் இரு பாத்திரங்களாகத் தோன்றும். இவ்வாலயத்தைப் போற்றிவரும் மலாக்காச் செட்டிகள், தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான சமூகத்தினர் என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

தோட்டப்புறத்தின் நிலை வேறு. 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் ரப்பர் பயிரிடத் தொடங்கியபின் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியேறினர். அங்குக் காதற்கலை வந்து சேர்ந்த வழி சாமிப்படமாகும். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய ரவிவர்மா, முள்ளெடுப்பவள்போல் நின்று பின்னோக்கும் சகுந்தலையின் ஒரு பார்வையிலேயே காதலை அடக்கிக் காட்டியவர். தமிழகத்தில் கொண்டையராஜு (1898–1976) போன்றோர் வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாகப் பரவின. அப்படங்களில் வள்ளி, தினைப்புனம் காக்கும் உழைப்பாளிப் பெண். விடியலில் நிரைக்குச் சென்று பால்மரம் வெட்டிய பெண்ணுக்கு அவள் அயலவளாகத் தோன்றியிருக்க முடியாது. உழைக்கும் பெண்ணைத் தேடி இறைவனே வருகின்றான் என்னும் செய்தியை எழுத்தறியாதவரும் அப்படத்தில் படிக்க இயன்றது.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கோயில்கள் இடம்பெயரும்போது சுதையுருவங்கள் உடைகின்றன. குடமுழுக்கின்போது புதுவண்ணம் பழைய ஓவியத்தை மறைக்கின்றது. பழைய சாமிப்படங்கள் மரத்தடியில் விடப்படுகின்றன. இவற்றை வழிபாட்டுப் பொருளாக மட்டுமே கருதியதால், கலைச்சான்றாகப் பதிவுசெய்ய நாம் தவறினோம்.

தமிழாசிரியர்கள் தத்தம் ஊர்க்கோயில் உருவங்களை, ஆண்டும் செய்தோர் பெயரும் குறித்து, மாணவரைக் கொண்டு படமெடுத்துத் தொகுக்கலாம். அகத்திணையை ஏட்டில் மட்டும் கற்பிக்கும் வகுப்பறைக்கு அதனினும் சிறந்த துணைநூல் இருத்தல் அரிது.