கர்ப்பகால இடுப்பு வலி

கர்ப்பகால இடுப்பு வலி என்பது கருவுற்ற ஸ்திரீகளுக்கு இடுப்பின் பின்புறத்திலோ, பக்கங்களிலோ, அடிவயிற்றின் கீழேயோ தோன்றி, சில சமயம் தொடை வரையில் இறங்கும் உபாதையாகும். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது உண்டாகிறது. பெரும்பாலோருக்குப் பிரசவமான சில வாரங்களில் தணிந்துவிடுகிறது என்பதனால், ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜந்தானே’ என்று வீட்டார் தள்ளிவிடுவதும், அதைக் கேட்டு அவள் வாய்மூடிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. அது பெருந்தவறு; எழும் முறையையும் படுக்கும் முறையையும் மாற்றுவதனாலேயே வெகுவாகக் குறையக்கூடிய வலி இது.

இரு பக்கத்து இடுப்பெலும்புகளும், பின்னால் முதுகுத்தண்டின் அடியிலுள்ள திரிகாஸ்தியோடும், முன்னால் ஒன்றோடொன்றும் இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. முன்புறச் சந்தியில் இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் அது இன்னும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலும். 1926இல் அமெரிக்க விலங்கியலறிஞர் பிரெடரிக் ஹிசா, சினைப்பட்ட பிராணிகளின் இரத்த ஊனீரைக் கினி எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் இடுப்புத் தசைநார்கள் நெகிழக் கண்டார். அவ்வூனீரிலிருந்த, ரிலாக்சின் என்று பின்னர் பெயர்பெற்ற சுரப்பே வலிக்கு முழுக் காரணம் என்று பலர் எழுதினாலும், மனித ஸ்திரீகளின் இரத்தத்தில் அது உச்சமடைவது முதல் மூன்று மாதங்களிலும், வலி மிகுவது கடைசி மூன்று மாதங்களிலுமாக இருப்பதால், அக்கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. வயிறு முன்தள்ள முதுகு பின்வளைந்து, பக்கத்துத் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் பாரத்தைத் தாங்குவதும் முக்கியக் காரணமாகும்.

பாரம் ஒரு காலில் மட்டும் விழும் தருணங்களில்தான் வலி சுளீரென்று தைக்கும்: நின்றபடியே உள்பாவாடைக்குள் காலை நுழைக்கையில், பஸ்ஸின் உயரமான படியில் ஏறுகையில், இரவில் பாயில் புரளுகையில். ஆகவே முழங்கால்களைச் சேர்த்தே வைத்திருப்பது முதல் பரிகாரம். பாயிலிருந்து எழுபவள் மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிர்தல் கூடாது. முழங்கால்களை மடக்கிச் சேர்த்து, தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்புமாறு ஒருக்களித்து, கைகளைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, பின்பு சுவரையோ நாற்காலியையோ பற்றி மெல்ல எழவேண்டும். படுக்கையில் புரண்டால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று அஞ்சி, ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தே திரும்பிப் படுக்கச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தாய் புரள்வதற்கும் கொடி சுற்றுவதற்கும் சம்பந்தமில்லை; வலியால் உறக்கமிழந்தவளை இரவெல்லாம் எழுப்பி உட்கார வைப்பது கொடுமையாகும்.

ஒருக்களித்துப் படுக்கையில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கால்களிடையே தலையணை வைத்து, அடிப்பக்க இடுப்பின்கீழ் மடித்த போர்வையை விரித்தால், எலும்பு தரையில் அழுந்தும் நோவு குறையும். குந்தி வீடு மெழுகினால் சுகப்பிரசவமாகும் என்ற நம்பிக்கையை, சந்தி வலியுள்ளவளிடம் வற்புறுத்தலாகாது. அவளுக்குக் குந்துவதும் சம்மணமிடுவதும் வலியை மிகுவிக்கும். தண்ணீர்க் குடத்தை ஒக்கலில் சுமப்பதும் ஆகாது. இளஞ்சூட்டு ஒற்றடமும், பயிற்சி பெற்றவர் கற்பிக்கும் தேகப்பயிற்சியும், இடுப்புப் பட்டையும் பலருக்கு இதமளிக்கின்றன. ஆனால் மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அபாயமானது. இபுபுரொபேன், டைக்ளோபெனாக் முதலியவை 20 வாரங்களுக்குப் பின் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும்.

அபூர்வமாயினும் அறியவேண்டியது ஒன்றுண்டு. 1959இல் கர்ட்டிஸ், கின்கெய்ட் என்னும் வைத்தியர்கள், கடைசி மூன்று மாதங்களிலிருந்த மூன்று பெண்களிடம், தொடை எலும்பின் தலைப்பகுதி தற்காலிகமாகச் சுண்ணச்சத்தை இழந்து நலிவதை விவரித்தனர். தொடையிடுக்கில் நோவு வளர்ந்து, காலை ஊன்றமுடியாமல் நொண்டி நடப்பது இதன் அறிகுறி. பாரம் தாங்காது எலும்பு முறியவும் கூடுமாதலால், வைத்தியர் பார்க்கும்வரை அக்காலை ஊன்றலாகாது. 37 வாரங்களுக்கு முன் விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி, உதிரப்போக்கு, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மறைவிடம் மரத்துப்போதல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வலியில்லாமல் முழங்கால்களை எவ்வளவு தூரம் அகற்ற முடிகிறது என்பதைப் பிரசவத்திற்கு முன்பே அளந்து பார்த்து, பிரசவத்தின்போது அதற்குமேல் அகற்றாதிருக்கும்படி தாதியிடம் சொல்லிவையுங்கள். ஒருக்களித்துப் படுத்தபடியே பிள்ளை பெறவும் முடியும்.