கல்லூரித் தோழமை

புத்தளம் மாவட்டத்தின் மேலைக் கரையில், கற்பிட்டித் தீபகற்பத்தில், பள்ளிவாசல்துறை என்னும் ஊர் அமைந்துள்ளது. தீபகற்பத்தின் ஒருபுறம் கடல்நீரேரி. மறுபுறம் இந்து சமுத்திரம். இத்தகைய கரையோர ஊரிற் பிறந்த மாணவன் மேற்படிப்பின்பொருட்டுப் புத்தளத்துக்கோ கொழும்புக்கோ புறப்படும்போது, பெற்றோர் அவன் பெறவிருக்கும் சான்றிதழையே எண்ணுவர். அவன் யாரோடு ஓர் அறையில் உறங்குவான், யாரோடு ஒரு மேசையில் உண்பான் என்று எண்ணுவோர் சிலரே. எனினும் ஒருவனுடைய தொழிலையும் பண்பையும் உருவாக்குவதில் பாடநூலுக்குள்ள பங்கு அவ்வறைக்கும் மேசைக்கும் உண்டு. இதனை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம், நேயர்களே.

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் சகோதர சங்கங்கள் என ஒருவகை அமைப்பு உண்டு. 1776ஆம் ஆண்டில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய பை பீட்டா கப்பா அவற்றுக்கு முன்னோடி. கிரேக்க எழுத்துப் பெயர், இரகசியச் சடங்கு, வாழ்நாள் உறுப்புரிமை ஆகியன அவற்றின் இயல்புகள். நம் நாட்டில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே அப்பணியை விடுதியும், விவாத சங்கமும், தமிழ்ச் சங்கமும் செய்தன.

இதற்கு முதற் சான்றாக ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கையைக் கூறலாம். 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். இசுலாமிய இல்லத்திற் பிறந்த சிறுவன் சைவச் சிறுவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து தமிழ் கற்றான். அக்காலத்து யாழ்ப்பாண மாணவர் உலகமும் விழிப்புற்றிருந்தது. 1924இல் எழுந்த மாணவர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது; இளைஞர் காங்கிரஸ் என வளர்ந்து 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது.

அஸீஸ் 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். 1942இல் கல்முனையில் உத்தியோகம் பார்த்தபோது சுவாமி விபுலாநந்தரோடு நெருங்கிப் பழகினார். ஒரு துறவியும் ஓர் அரசாங்க அதிகாரியும் கல்வியைப் பற்றி மனம்விட்டுப் பேச முடிந்ததென்றால், அதற்கு வேண்டிய மனப்பழக்கம் இளமையின் வகுப்பறையிலேயே விளைந்திருந்தது எனலாம். 1945இல் முஸ்லிம் மாணவர்க்கு உதவிநிதி ஒன்றை நிறுவியவர், 1948இல் உயர்பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1892இற் தொடங்கப்பட்ட ஸாஹிறா முஸ்லிம்களின் கல்லூரி. ஆனால் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய கல்லூரியாக இருக்கவில்லை. வடமராட்சியின் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராய்ப் பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர் இந்துக் கல்லூரியிற் பெற்றதை, யாழ்ப்பாணத்து இந்து ஒருவர் முஸ்லிம் கல்லூரியிற் பெற்றார். கடன் முறையாகத் திருப்பிச் செலுத்தப்பட்டது.

சிவத்தம்பி பேராதனைப் பல்கலைக்கழகம் சென்றபோது, கோலாலம்பூரிற் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயின்ற க. கைலாசபதி அங்கே தோழராய் வாய்த்தார். பேராசிரியர் கணபதிப்பிள்ளை, வித்தியானந்தன், செல்வநாயகம் ஆகியோர் அக்காலத்து ஆசிரியர்கள். அத்தோழமை பட்டமளிப்பு விழாவோடு முடியவில்லை. கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியரானார். சிவத்தம்பி பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளரானார். தொழில்கள் பிரிந்தன, நோக்கம் பிரியவில்லை. இருவரும் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தில் நின்றனர். இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் பேர்மிங்ஹாம் சென்று, கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடமே ஆராய்ச்சி செய்தனர். ஒருவர் தமிழ் வீரயுகக் கவிதையை ஆராய்ந்தார்; அந்நூல் 1968இல் வெளியாயிற்று. மற்றவர் பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்தார். அது 1981இல் நூலாயிற்று. 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானவர் கைலாசபதி. 1978இல் சிவத்தம்பியும் அங்கு வந்து சேர்ந்தார். 1982இல் கைலாசபதி 49ஆம் வயதில் மறைந்தார். 2011 வரை வாழ்ந்த சிவத்தம்பியின் பெயரைச் சொல்வோர் இன்றும் தோழர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர்.

இவ்வகை நட்பு எவ்வாறு வேலை செய்கிறது? இளமையில் நம்மைக் கண்டவனிடம் நாம் வேடம் போட முடியாது. பதவி உயர்ந்தபின் பிறர் புகழ்வர். பழைய தோழன் ஒருவனே தவற்றைத் தவறென்பான். வள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் வகுத்தபோது, பழைமையைப் போற்றியதோடு நில்லாது, நட்பாராய்தலையும் தீ நட்பையும் கூடா நட்பையும் தனித்தனியே வைத்தார். கல்லூரித் தோழமை தகுதியில்லாதவனுக்குப் பதவி தேடித்தரும் குழுவாகச் சுருங்குமாயின், அது நட்பன்று, பேரமே ஆகும்.

நட்பின் வலிமைக்கும் எல்லை உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். புத்தளம் மாவட்டத்து ஊர்கள் பல அவர்களுக்கு இடங்கொடுத்தன. ஒரே வாங்கில் இருந்தோர் பலர் ஒரே நாளிற் பிரிந்தனர். ஆயுதத்தின் முன் வகுப்பறை நட்பு பேச்சிழந்து நின்றது. அஸீஸ் 1973இலேயே மறைந்துவிட்டார். 1980இல் அவருக்கு மறைவின் பின்னான கலாநிதிப் பட்டம் அளித்த யாழ்ப்பாணம், பத்தாண்டுக்குள் அவருடைய சமூகத்தை இழந்தது.

இதனால் நட்பு வீணென்று முடிவுகட்டலாகாது. வெளியேறியவர்கள் திரும்பிச் சென்று பழைய வாசலில் நிற்கும்போது, பெயர் சொல்லி வரவேற்க ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் பள்ளித் தோழராகவே இருப்பார். எனவே பெற்றோர்க்கும் அதிபர்க்கும் கடமை ஒன்றுண்டு. பிள்ளை தன் ஊராரும் தன் மதத்தாரும் அல்லாத ஒருவரையேனும் தோழராய்ப் பெறும் வாய்ப்பை விடுதியிலும், விளையாட்டிடத்திலும், சங்கத்திலும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். பரீட்சை வினாக்கள் மறந்துபோகும்; அத்தோழமை முதுமை வரை உடன்வரும்.