கிராஃபீன் ஆக்சைடு தயாரிப்பில் மென்முறைகள்: 1859 முதல் 2018 வரை

கிராஃபைட்டை அமிலத்தில் இட்டு ஆக்சிஜனேற்றி, அதன் அடுக்குகளை நீரில் தனித்தனி ஏடுகளாகப் பிரியவிடும் வேதிமுறை, கிராஃபீன் என்ற சொல்லைவிடப் பழையது. பின்வந்தவர்கள் தமக்கு முன்னிருந்த முறையைச் சற்றே மென்மையாக்க முயன்றபடியே இருந்தனர். அந்த மென்மை எதைக் காத்தது என்று கேட்டால், விடை காலத்துக்குக் காலம் மாறுகிறது. முதலில் செய்பவரின் உயிர், பிறகு கழிவு போய்ச் சேரும் நீர், கடைசியாகத்தான் கார்பன் அணுக்களின் அறுகோண வலை. வலையைப் பற்றிய அக்கறை இவ்வளவு தாமதமாக வந்ததே இத்துறையின் பல சிக்கல்களுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆக்ஸ்ஃபோர்டு வேதியியலாளர் பெஞ்சமின் காலின்ஸ் பிராடி 1859இல் தேடியது கிராஃபைட்டின் அணு எடையை. புகையும் நைட்ரிக் அமிலத்தில் கிராஃபைட்டையும் பொட்டாசியம் குளோரேட்டையும் கலந்து, 60 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு நாள் வைத்தார். கிடைத்த பொருளைக் கழுவி உலர்த்தி, மீண்டும் அதே கலவையில் இட்டார். இறுதியில் கிடைத்த பொருளில் கார்பன் 61.04 விழுக்காடு, ஹைட்ரஜன் 1.85 விழுக்காடு, எஞ்சியது ஆக்சிஜன். அதை 220 டிகிரிக்குச் சூடாக்கியபோது கார்பனின் பங்கு 80.13 விழுக்காடாக உயர்ந்தது. இன்று வெப்ப ஒடுக்கம் (வெப்பத்தால் ஆக்சிஜனை நீக்குதல்) என்று நாம் அழைப்பதை அவர் அன்றே அளந்துவிட்டார். கிராஃபைட்டின் அணு எடை 33 என்ற அவருடைய முடிவு நிலைக்கவில்லை. அவர் தயாரித்த பொருள், அதாவது கிராஃபைட் ஆக்சைடு, நிலைத்தது.

குளோரேட்டும் வலிய அமிலமும் சேர்ந்தால் குளோரின் டையாக்சைடு உண்டாகும். அது எளிதில் வெடிக்கும் வாயு. 1898இல் ஸ்டாடென்மையர் கந்தக அமிலத்தையும் சேர்த்து, குளோரேட்டைச் சிறிது சிறிதாக இட்டு, பல சுற்று வேலையை ஒரே கலத்தில் முடித்தார். 1937இல் ஹோஃப்மனும் கோனிக்கும் புகையும் அமிலத்துக்குப் பதிலாகச் சாதாரண அடர் நைட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். வேலை எளிதானது; குளோரேட்டின் ஆபத்து அப்படியே இருந்தது.

குளோரேட்டைக் கைவிட்ட முறையாக இன்றும் பேர்பெற்றிருப்பது பிட்ஸ்பர்க் மெலன் ஆய்வகத்தின் வில்லியம் ஹம்மர்ஸ், ரிச்சர்ட் ஆஃப்மன் இருவரும் 1958இல் வெளியிட்ட ஒரு பக்கக் குறிப்பு. 100 கிராம் கிராஃபைட், 50 கிராம் சோடியம் நைட்ரேட், 2.3 லிட்டர் கந்தக அமிலம். பனிக்கட்டித் தொட்டியில் குளிரவைத்து, 300 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெப்பம் 20 டிகிரியைத் தாண்டாதபடி சேர்க்க வேண்டும். பிறகு 35 டிகிரியில் அரை மணி நேரம். கலவை பழுப்பும் சாம்பலும் கலந்த களியாக இறுகும். அதில் நீரை ஊற்றினால் பொங்கிக் கொதித்து 98 டிகிரிக்கு ஏறும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தவுடன் பளிச்சென்ற மஞ்சள். நாள்கணக்கான வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது.

ஆனால் நைட்ரேட்டிலிருந்து நச்சு நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறின. பெர்மாங்கனேட் அமிலத்தோடு சேர்ந்து உருவாக்கும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு, சுமார் 55 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கக்கூடியது. இருந்தும் ஐம்பது ஆண்டுகள் இந்தச் செய்முறை பெரிதாக மாறவில்லை. என் கணிப்பில் காரணம் எளியது: கிராஃபைட் ஆக்சைடு அப்போது ஒருசில ஆய்வகங்களின் பொருள் மட்டுமே. 2004இல் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபீனின் மின்பண்புகளை வெளிக்காட்டிய பிறகுதான், கிராஃபீனை எடைக்கணக்கில் பெறும் வழியாக இது உலகெங்கும் பேசப்பட்டது.

2010இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு நைட்ரேட்டை முழுவதும் விலக்கியது. கந்தக அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் 9:1 விகிதம், 50 டிகிரி, 12 மணி நேரம். நச்சு வாயு இல்லை. வெப்பமும் கட்டுக்குள் இருந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் இரு செய்முறைகளையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டால் வேறொன்று தெரிகிறது. ஹம்மர்ஸ் முறையில் ஒரு கிராம் கிராஃபைட்டுக்கு 23 மில்லிலிட்டர் அமிலம், 3 கிராம் பெர்மாங்கனேட். டூர் முறையில் 3 கிராமுக்கு 400 மில்லிலிட்டர், அதாவது கிராமுக்கு 133 மில்லிலிட்டருக்கு மேல். பெர்மாங்கனேட்டோ கிராமுக்கு 6 கிராம். மூச்சுக்குழாயைக் காத்த முறை கழிவுநீரின் சுமையைக் கூட்டியது. 2013இல் சீனாவின் காவோசுவான் ஷி குழு, பாஸ்பாரிக் அமிலமும் சேர்க்காமல் நைட்ரேட்டை மட்டும் விட்டாலே ஏறத்தாழ அதே பொருள் கிடைப்பதைக் காட்டி, கழிவுநீரிலிருந்து மாங்கனீசை நீக்கும் வழியையும் சேர்த்தே எழுதியது. இத்துறையின் கட்டுரைகளில் அந்தப் பகுதிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

வலையைப் பற்றிய கேள்வியை அழுத்தமாக எழுப்பியவர் ஜெர்மனியின் எர்லாங்கனில் பணியாற்றிய சீக்ஃப்ரீட் ஐக்லர். ஆக்சிஜன் வந்து ஒட்டிய கார்பனை ஒடுக்கி மீட்கலாம். ஆக்சிஜனேற்றம் எல்லை மீறினால் கார்பன் அணுவே கார்பன் டையாக்சைடாக வெளியேறிவிடும். அங்கே விழும் துளையை எந்த ஒடுக்கியும் அடைக்காது. எனவே 2013இல் அவர் குழு வினை முழுவதையும் 10 டிகிரிக்குக் கீழே நடத்தியது. ஹம்மர்ஸ் முறையில் கொதிப்பேற்றிய அந்த நீர் சேர்க்கும் கட்டத்தையும் குளிரிலேயே மெதுவாகக் கடந்தது. ஒடுக்கிய ஏடுகளின் ராமன் நிறமாலை குறைபாடுகள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. புதிய வினைப்பொருள் எதையும் தேடாமல், வெப்பத்தையும் பொறுமையையும் மட்டும் மாற்றிப் பெற்ற விளைவு இது. இந்த வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் திருப்பமும் இதுவே.

ஒடுக்கும் கட்டத்தில் மாற்றம் விரைந்து வந்தது. 2007இல் ருவாஃப் குழு பயன்படுத்திய ஹைட்ரசின் நச்சுத்தன்மை மிக்கது. 2010இலேயே ஸ்பெயினின் ஒவியேடோ ஆய்வாளர்கள் வைட்டமின் சி அதற்கு ஈடாகும் என்று காட்டினர். குளுக்கோஸும் தேயிலைச் சாறும் பின்தொடர்ந்தன. துளைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

'பசுமை' என்ற பெயருக்காகவே ஒரு முறையை நம்பிவிடக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. 2015இல் பொட்டாசியம் ஃபெரேட் கொண்டு ஒரு மணி நேரத்தில் கிராஃபீன் ஆக்சைடு தயாரிக்கலாம் என்று சீனாவின் சாவ் காவோ குழு அறிவித்தது. மாங்கனீசுக்குப் பதில் இரும்பு என்பது கவர்ச்சியான யோசனை. ஆனால் அமிலத்தில் ஃபெரேட் விரைவில் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிட்டுவிடும். 2016இல் சோஃபர், புமேரா முதலியோர் அந்த வினையை மறுபடி செய்துபார்த்து, கிராஃபைட் ஆக்சிஜனேற்றம் அடையவில்லை என்று வெளியிட்டனர்.

2018இல் ஷென்யாங் உலோக ஆய்வு நிலையத்தினர் ஆக்சிஜனேற்றியையே கைவிட்டனர். கிராஃபைட் தாளை 98 விழுக்காடு கந்தக அமிலத்தில் நேர்மின்வாயாக வைத்து 1.6 வோல்ட்டில் அடுக்குகளுக்கிடையே அமிலத்தைப் புகுத்தினர். பிறகு 50 விழுக்காடு அமிலத்தில் 5 வோல்ட் செலுத்தினர். நீர் மின்னாற்பகுப்பில் பிறக்கும் ஆக்சிஜன் இனங்கள் சில நொடிகளில் வேலையை முடித்தன. அமிலம் புகுந்து நீலமான தாள் மஞ்சளாயிற்று. மாங்கனீசு உப்பு கலக்காததால் அமிலத்தை மீண்டும் பயன்படுத்தலாம். வெடிக்கும் ஆக்சைடும் இல்லை, உலோகக் கழிவும் இல்லை. கிடைத்த பொருளின் பண்புகள் அதுவரை இருந்த முறைகளில் கிடைப்பவற்றை ஒத்தவை என்று அவர்களே எழுதினர். அப்படியானால் ஐக்லர் எழுப்பிய துளைக் கேள்வி, மின்வேதி முறைக்கும் இனிமேல்தான் உரிய அளவீடுகளோடு கேட்கப்பட வேண்டியிருக்கிறது.